வேலூரிலிருந்தே மூலிகைச் சேர்மங்களைச் சலிக்கலாம்: மார்பகப் புற்றுநோய் ஏற்பிக்கு முதல் டாக்கிங்

நான்கு கோர் உள்ள ஒரு லேப்டாப், 8 ஜிபி ராம், ஓரளவு நம்பகமான இணையம். மூலிகைச் சேர்மங்களை மார்பகப் புற்றுநோய்ப் புரதங்களோடு கணினியில் பொருத்திப் பார்க்க, அதாவது டாக்கிங் செய்ய, இவ்வளவே போதும். மென்பொருள் எல்லாம் இலவசம்; டாக்கிங்குக்கு இங்கே பயன்படுத்துவது ஆட்டோடாக் வைனா, சுருக்கமாக வைனா. வேதிப்பொருள் வாங்க வேண்டாம், செல் வளர்க்க வேண்டாம். காட்பாடி, சேர்க்காடு, வேலூர் டவுன் பக்கம் பயோடெக்னாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ தாவரவியலோ படித்துவிட்டு ஆறு மாத ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் டாக்கிங் பக்கம் வருவது இதனால்தான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டாக்கிங் மென்பொருளிடம் எதைக் கொடுத்தாலும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். குர்குமினைக் கொடுத்தாலும் தரும், டீயில் போடும் சர்க்கரையைக் கொடுத்தாலும் தரும். எண் வாங்குவது ஒரு ராத்திரி வேலை. அந்த எண்ணை நம்பலாமா என்று சோதிப்பதுதான் மிச்ச மாதங்களின் வேலை. இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

எந்தப் புரதம்

மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ரிசெப்டர், ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) இருக்கிறதா, ப்ரொஜெஸ்டிரோன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்2 புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். மூன்றும் இல்லாவிட்டால் ட்ரிபிள் நெகட்டிவ். எனவே "மார்பகப் புற்றுநோய்க்கு எதிராக டாக்கிங் செய்தேன்" என்ற வாக்கியத்துக்குப் பொருள் இல்லை. எந்தப் புரதத்துக்கு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

புதியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்பாதான் நல்ல தொடக்கம். மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்சிஃபன் உடலில் 4-ஹைட்ராக்சி தமாக்சிஃபனாக மாறி இந்த ஏற்பியில் உட்காரும். அப்படி உட்கார்ந்த நிலையில் எடுத்த படிக அமைப்பு 1998 முதல் கிடைக்கிறது. புரோட்டீன் டேட்டா பேங்கில் அதன் குறியீடு 3இஆர்டி, தெளிவு 1.9 ஆங்ஸ்ட்ராம். மருந்து எங்கே உட்கார்கிறது என்பதற்கு விடைத்தாள் கையிலேயே இருக்கிறது என்பதுதான் இதன் வசதி. பிறகு ஹெர்2 வேண்டுமானால் 3பிபி0, ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் நொதியான அரோமட்டேஸ் வேண்டுமானால் 3இக்யூஎம். அரோமட்டேஸுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் நடுவே இரும்புள்ள ஹீம் இருக்கிறது. "புரதம் அல்லாததையெல்லாம் அழி" என்று யூடியூபில் சொன்னதை அப்படியே செய்தால் ஹீமும் போய்விடும். பிறகு உங்கள் சேர்மங்கள் எல்லாம் ஹீம் இருந்த காலி இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்து அருமையான எண்களைத் தரும். ஒன்றுக்கும் உதவாது.

3இஆர்டி-யைத் தயார் செய்வது

கோப்பை இறக்கியதும் நோட்பேடில் திறந்து மேலிருந்து படியுங்கள். ரிமார்க் 465 என்ற வரிகளில் படிகத்தில் தெரியாமல் விடுபட்ட அமினோ அமிலங்களும், ரிமார்க் 470-ல் விடுபட்ட அணுக்களும் இருக்கும். விடுபட்டவை மருந்து உட்காரும் பள்ளத்திலிருந்து தூரத்தில் இருந்தால் கவலை வேண்டாம். பள்ளத்தின் ஓரத்திலேயே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், அல்லது வேறு அமைப்பைத் தேட வேண்டும்.

அடுத்து மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் கைமீராஎக்ஸ் அல்லது பைமாலில் திறந்து மருந்தை, அதாவது ஓஎச்டி என்ற மூன்றெழுத்துள்ள மூலக்கூறை, தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் பலர் அழித்துவிட்டுப் பிறகு தேடுகிறார்கள். பெட்டி போடவும் சோதனை செய்யவும் அது வேண்டும். அதற்குப் பிறகு புரதத்திலிருந்து தண்ணீரை நீக்கலாம். ஆனால் குளூட்டமேட் 353-க்கும் ஆர்ஜினின் 394-க்கும் நடுவே ஒரு தண்ணீர் மூலக்கூறு உட்கார்ந்து மருந்தின் ஹைட்ராக்சிலைப் பிடிக்க உதவுகிறது. அதை வைத்து ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை என்று இரண்டு தயாரிப்பு செய்து எது விடைத்தாளோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது நல்லது.

புரதத்துக்கு ஹைட்ரஜன்களைச் சேர்த்து, வைனா படிக்கும் பிடிபிக்யூடி வடிவத்துக்கு மாற்றுங்கள். எம்ஜிஎல்டூல்ஸில் சொடுக்கிச் சொடுக்கிச் செய்யலாம், மீகோவில் ஒரே கட்டளையில் செய்யலாம். "கோல்மன் மின்சுமை சேர்த்தோம்" என்று ப்ராஜெக்ட் அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் வரும். வைனாவின் வழக்கமான கணக்கு மின்சுமையைப் பார்ப்பதே இல்லை. சேர்த்தாலும் கெடுதல் இல்லை, சேர்க்காவிட்டாலும் எண் மாறாது. மந்திரம் மாதிரி எழுத வேண்டாம். ஹைட்ரஜன்தான் முக்கியம், ஏனென்றால் எந்த அணு கொடுக்கும், எது வாங்கும் என்பதை அதை வைத்துத்தான் மென்பொருள் தெரிந்துகொள்கிறது.

சேர்மங்களை எங்கிருந்து எடுப்பது

இதற்காக ஜவ்வாது மலை ஏறி இலை பறிக்க வேண்டியதில்லை. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 தாவரச் சேர்மங்களும் இருக்கின்றன. எந்தச் சேர்மம் செடியின் எந்தப் பாகத்தில் என்பது வரை பிரித்திருக்கிறார்கள். முப்பரிமாணக் கோப்பையும் அங்கேயே இறக்கலாம்.

தேடும்போது தாவரவியல் பெயரால் தேடுங்கள். ஊர்ப்பெயர் காலை வாரும். சிறியாநங்கை என்றும் நிலவேம்பு என்றும் நம் பக்கம் சொல்வது ஒரே ஆன்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டாதான். பிரம்மி என்ற பெயரை ஓரிடத்தில் வல்லாரைக்கும் இன்னோரிடத்தில் நீர்ப்பிரம்மிக்கும் சொல்கிறார்கள், இரண்டும் வேறு வேறு குடும்பம். பெயரில் சறுக்கினால் பின்னால் வரும் எல்லாமே வேறொரு செடியின் கதையாகிவிடும்.

பழகுவதற்கு எட்டுச் சேர்மம் போதும். வேதிப்பொருள் தரவுத்தளமான பப்கெமின் எண்களோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நிலவேம்பின் ஆன்ட்ரோகிராஃபோலைடு 5318517, மஞ்சளின் குர்குமின் 969516, அமுக்கராவின் வித்தஃபெரின் ஏ 265237, கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன் 10281, துளசியின் உர்சாலிக் அமிலம் 64945, மாவிலையின் மேஞ்சிஃபெரின் 5281647, வெங்காயத்தின் குவெர்செடின் 5280343, கத்திரிக்காய்ச் சதையின் குளோரோஜெனிக் அமிலம் 1794427. புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரியை எடுத்தாலும், ஆம்பூர் பிரியாணிக்கு வதக்கும் சாதாக் கத்திரியை எடுத்தாலும் கணினிக்குப் போவது அதே குளோரோஜெனிக் அமிலம்தான். ஊர் ரகத்தின் சிறப்பை டாக்கிங் காட்டாது. அது வேண்டுமானால் ரகத்துக்கு ரகம் அளவு எவ்வளவு என்று, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளக்க வேண்டும். இவற்றோடு கட்டாயம் சேர்க்க வேண்டியது 4-ஹைட்ராக்சி தமாக்சிஃபன், எண் 449459.

மூலக்கூறு வரைபடத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத தவறுகள் வரும். ஆன்ட்ரோகிராஃபோலைடு போன்றவற்றில் எந்தக் கிளை மேலே, எது கீழே என்பது தீர்மானமானது. மூலக்கூறை எழுத்துகளால் எழுதும் ஸ்மைல்ஸ் வரியைக் கிளைத் திசை குறிப்பிடாமல் எங்கிருந்தோ நகலெடுத்து ஓட்டினால், கோப்பு வடிவம் மாற்றும் ஓபன் பேபல் தன் இஷ்டத்துக்கு ஒரு திசையைத் தேர்ந்துவிடும். நீங்கள் டாக் செய்தது நிலவேம்பில் இல்லாத ஒரு பொருளாக இருக்கலாம். குர்குமினில் வேறு சிக்கல். பப்கெமின் அந்த எண்ணில் வருவது கீட்டோ வடிவம். கரைசலில் பெரும்பாலும் இருப்பது ஈனால் வடிவம். இரண்டையும் ஓட்டுங்கள். ஈனாலில் நடுப்பகுதி தட்டையாக விறைத்து நிற்கும், கீட்டோவில் மடங்கும். பள்ளத்துக்குள் உட்காரும் விதமே மாறிவிடும்.

தயாரிக்கும்போது பிஎச் 7.4-க்கு ஹைட்ரஜன் சேர்க்கச் சொல்லுங்கள். தமாக்சிஃபனின் வாலில் உள்ள நைட்ரஜன் அந்த பிஎச்-ல் ஒரு ஹைட்ரஜனைக் கூடுதலாக வாங்கி ஆஸ்பார்டேட் 351-ஐப் பிடித்துக்கொள்கிறது. அதை விட்டுவிட்டால் உங்கள் ஒப்பீட்டு மருந்தே பலவீனமாகத் தெரியும். பிறகு எல்லா மூலிகையும் மருந்தை மிஞ்சும்.

பெட்டி போடுவது

வைனா எங்கே தேட வேண்டும் என்று ஒரு பெட்டி காட்ட வேண்டும். பெட்டியின் நடுப்புள்ளி, தனியாகச் சேமித்த ஓஎச்டி மூலக்கூறின் அணுக்களுடைய சராசரி இடம். எக்செலில் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று பத்தியின் சராசரி எடுத்தாலே வந்துவிடும். 3இஆர்டி-யில் அது சுமார் 30, −2, 24 அருகே விழும். வெகு தூரத்தில் வந்தால் நீங்கள் புரதத்தின் சராசரியை எடுத்திருக்கிறீர்கள், அல்லது கோப்பை இடையில் எங்கோ நகர்த்திவிட்டீர்கள்.

பெட்டியின் பக்கம் 22 முதல் 24 ஆங்ஸ்ட்ராம் போதும். புதியவர்கள் கவிழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். எம்ஜிஎல்டூல்ஸ் பெட்டியின் அளவைப் புள்ளிகளில் காட்டும். புள்ளிக்குப் புள்ளி 0.375 ஆங்ஸ்ட்ராம். எனவே திரையில் 60 என்றிருந்தால் உண்மை அளவு 22.5 ஆங்ஸ்ட்ராம். வைனாவோ நேரடியாக ஆங்ஸ்ட்ராமில் கேட்கிறது. திரையில் பார்த்த 60-ஐ அப்படியே வைனாவின் கோப்பில் எழுதினால் பக்கத்துக்கு 60 ஆங்ஸ்ட்ராம் பெட்டி, கன அளவு 2,16,000. முழுப் புரதமும் அதற்குள் அடங்கிவிடும். 27,000 கன ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினாலே வைனா எச்சரிக்கை வரி போடும். அந்த வரியைப் படிக்காமல் எண்டர் தட்டுகிறவர்கள்தான் அதிகம். விளைவு, மருந்து பள்ளத்தை விட்டுவிட்டு மேற்பரப்பில் ஏதோ ஒரு மடிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எம்ஜிஎல்டூல்ஸில் இடைவெளியை 1.0 என்று மாற்றிவிட்டால் இரண்டு எண்ணும் ஒன்றாகிவிடும், குழப்பமே இல்லை.

கான்ஃபிக் கோப்பில் இருக்க வேண்டியவை: புரதக் கோப்பின் பெயர், சேர்மக் கோப்பின் பெயர், நடுப்புள்ளி மூன்று எண், அளவு மூன்று எண், எக்ஸாஸ்டிவ்னஸ், சீட். எல்லாம் ஆங்கில எழுத்தில், ஒரு வரிக்கு ஒன்று. எக்ஸாஸ்டிவ்னஸ் என்பது எவ்வளவு தீவிரமாகத் தேட வேண்டும் என்ற எண்; தானாக 8-ல் இருக்கும், 32 வையுங்கள். சீட் என்பது குலுக்கலின் தொடக்க எண். அதை எழுதிவைத்தால்தான் நாளைக்கு அதே முடிவைத் திரும்ப எடுக்க முடியும். விண்டோஸில் கோப்பு விரிவை மறைத்துவைத்திருந்தால் கான்ஃபிக் கோப்பின் பெயர் இரண்டு டிஎக்ஸ்டி-யோடு முடிந்து "கோப்பு இல்லை" என்று வைனா அடம்பிடிக்கும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தாலும் சில கருவிகள் முறுக்கிக்கொள்ளும். சி டிரைவில் நேராக ஒரு சின்ன ஆங்கிலப் பெயரில் ஃபோல்டர் போட்டுக்கொள்வதே நிம்மதி.

மருந்தைத் திரும்ப உட்கார வைத்துப் பார்ப்பது

மூலிகையைத் தொடுவதற்கு முன்னால் 4-ஹைட்ராக்சி தமாக்சிஃபனை ஓட்டுங்கள். படிகத்திலிருந்து எடுத்த உருவத்தையே கொடுக்காமல், பப்கெமிலிருந்து இறக்கி, மற்றச் சேர்மங்களைத் தயாரித்த அதே முறையில் தயாரித்துக் கொடுங்கள். வைனா சொல்லும் முதல் நிலையும் படிகத்தில் மருந்து இருந்த நிலையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்க வேண்டும். ஆர்எம்எஸ்டி என்பது அதுதான். 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் உங்கள் ஏற்பாடு சரி.

அளக்கும்போது பைமாலின் அலைன் கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. அது இரண்டு மூலக்கூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திவைத்துவிட்டுப் பிறகு அளக்கும். மருந்து பள்ளத்துக்கு வெளியே கிடந்தாலும் 0.6 என்று அழகாகச் சொல்லும். நகர்த்தாமல் அளக்கும் ஆர்எம்எஸ்-கர் கட்டளையையோ ஓபன் பேபலுடன் வரும் ஓபிஆர்எம்எஸ் கருவியையோ பயன்படுத்துங்கள். இரண்டாவது, பென்சீன் வளையம் திரும்பியிருந்தாலும் அதே வளையம்தான் என்று புரிந்துகொள்ளும்.

பிறகு கண்ணால் பாருங்கள். ஃபீனால் பக்கம் குளூட்டமேட் 353, ஆர்ஜினின் 394 இரண்டையும் நோக்கி நிற்கிறதா? ஆக்சிஜனுக்கு ஆக்சிஜன் தூரம் 2.7-க்கும் 3.3-க்கும் நடுவே இருக்கிறதா? வால் ஆஸ்பார்டேட் 351 பக்கம் நீண்டு வெளியே எட்டிப் பார்க்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஆர்எம்எஸ்டி 1.9 ஆனாலும் பரவாயில்லை. 1.2 வந்தும் தலைகீழாக உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை என்றாலும், பார்க்காமல் விடாதீர்கள்.

இது தேறியதும் இன்னொரு சோதனை. பலரும் தாண்டிப்போவது இதைத்தான். டட்-ஈ என்ற தரவுத்தொகுப்பில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு உண்மையில் பிணைபவையும், அவற்றைப் போலவே எடையும் குணமும் இருந்தும் பிணைய வாய்ப்பில்லாத போலிகளும் வைத்திருக்கிறார்கள். அதில் 10 உண்மை, 300 போலி எடுத்து ஒன்றாகக் கலந்து ஓட்டுங்கள். எண்ணின்படி வரிசைப்படுத்தினால் உண்மையானவை மேலே மிதக்க வேண்டும். முதல் 31 இடத்தில் ஐந்தாறு உண்மை வந்தால் சல்லடை வேலை செய்கிறது. ஒன்றுதான் வந்தால் குலுக்கல் சீட்டுக்கும் உங்கள் சல்லடைக்கும் வித்தியாசம் இல்லை. அந்த நிலையில் மூலிகையைப் போட்டு எடுத்த எண்களை அறிக்கையில் எழுதுவதில் பொருளே இல்லை.

ஓட்டுவது

சேர்மம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 100 சேர்மம், மூன்று வெவ்வேறு சீட், மொத்தம் 600 நிமிடம். பத்து மணி நேரம். வைனா 1.2-ல் பேட்ச் முறை இருக்கிறது, வெளியீட்டு ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கிவைத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் வேலூரில் பகலில் ஓட்டினால் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், அடியில் இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கி, நான்கு கோரில் மூன்றை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல், வெளியீடு ஏற்கெனவே இருக்கும் சேர்மத்தைத் தாண்டிப்போகும்படி ஒரு வரி எழுதிவையுங்கள்.

மூன்று சீட்டிலும் ஒரே சேர்மத்தின் எண் 0.2-க்குள் இருக்க வேண்டும். ஒன்றில் −9.1, இன்னொன்றில் −7.8 என்று ஆடினால் தேடல் போதவில்லை. அந்தச் சேர்மத்துக்கு மட்டும் எக்ஸாஸ்டிவ்னஸை 64 ஆக்குங்கள்.

எண்ணைப் படிப்பது

வைனா தருவது மோலுக்குக் கிலோகலோரி. கழித்தல் குறியோடு பெரிதாக இருந்தால் பிடிப்பு வலுவானது. வெப்ப இயக்கவியல் கணக்குப்படி 25 டிகிரியில் −8 என்பது சுமார் 1.4 மைக்ரோமோலாருக்குச் சமம், −9 என்பது சுமார் 0.25 மைக்ரோமோலார். 1.36 கிலோகலோரிக்குப் பத்து மடங்கு. இனி வைனாவை உருவாக்கியவர்களே 2010-ல் சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள். சோதித்த தொகுப்பில் கணிப்பின் திட்டப் பிழை 2.85 கிலோகலோரி. மடங்கில் சொன்னால் நூறுக்கும் மேல். இந்த நிலையில் −8.7 வந்த சேர்மம் −8.4 வந்ததை "வென்றது" என்று எழுதுவது, கறிக்கடைத் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. சேர்மங்களை மேல், நடு, கீழ் என்று மூன்று கும்பலாகப் பிரித்தால் போதும்.

பெரிய மூலக்கூறுக்கு எண் தானாகவே ஏறும். தொடும் அணு அதிகம், அவ்வளவுதான். குவெர்செடினில் ஹைட்ரஜன் தவிர்த்து 22 அணு. அதனோடு இரண்டு சர்க்கரை ஒட்டிய ரூட்டினில் 43. குவெர்செடினுக்கு −8, ரூட்டினுக்கு −9 வந்ததாக வைத்துக்கொள்வோம். அணுவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாவதற்கு 0.36, இரண்டாவதற்கு 0.21. பட்டியலில் இந்தப் பத்தியையும் சேர்த்தால் சர்க்கரை ஒட்டிய சேர்மங்களின் ஆர்ப்பாட்டம் அடங்கிவிடும். குடலில் உள்ள பாக்டீரியா அந்தச் சர்க்கரையைப் பிய்த்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கே உரிய ஆபத்து ஒன்று. பள்ளத்தில் ஒரு சேர்மம் உட்கார்வதால் ஏற்பி அடங்கிவிடும் என்று பொருள் இல்லை. ஈஸ்ட்ரடையாலும் அதே பள்ளத்தில்தான் உட்கார்கிறது, ஆனால் ஏற்பியைத் தூண்டுகிறது. தமாக்சிஃபனின் நீண்ட வால் ஏற்பிப் புரதத்தின் 12-ஆவது சுருளை இடம் தள்ளிவிடுவதால்தான் ஏற்பி முடங்குகிறது. சோயாவின் ஜெனிஸ்டீனும் இந்த ஏற்பியில் பிணையும். குறைந்த செறிவில் அது எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறது. உங்கள் மூலிகைச் சேர்மத்துக்குத் தள்ளும் வால் இல்லாவிட்டால் அது புற்றுக்கு உணவாகவும் இருக்கலாம். எண் இதைச் சொல்லாது. ஈஸ்ட்ரடையாலோடு எடுத்த 1இஆர்இ அமைப்பிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் நன்றாக உட்கார்ந்தால் "தடுக்கிறது" என்ற சொல்லை அறிக்கையில் எடுக்காதீர்கள்.

சலித்ததை மறுபடி சலிப்பது

மேல் கும்பலில் நின்றவற்றை ஸ்விஸ்ஏடிஎம்இ தளத்தில் போட்டால் லிபின்ஸ்கி விதி (வாய்வழி மருந்துக்கான எடை முதலிய வரம்புகள்), கரைதிறன், குடலில் உறிஞ்சப்படுமா என்பதெல்லாம் சில விநாடியில் வரும். இதை நுழைவுத் தேர்வாக நடத்த வேண்டாம். வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டின் எடை 811, விதியை மீறியது, ஆனாலும் மருந்து. அது பிடிப்பது ட்யூபுலின் என்ற வேறொரு புரதத்தை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் பள்ளம் சுமார் 450 கன ஆங்ஸ்ட்ராம்தான், வின்பிளாஸ்டின் அதற்குள் நுழையவே முடியாது. இந்தச் சல்லடையில் உலகறிந்த புற்றுநோய் மருந்தே கீழே கொட்டிவிடும். நீங்கள் ஒதுக்கியவை இந்த ஏற்பிக்கு மட்டும்தான் ஒதுக்கப்பட்டவை.

அதே தளம் பெயின்ஸ் எச்சரிக்கையும் காட்டும். எந்தச் சோதனையில் போட்டாலும் "வேலை செய்கிறது" என்று பொய்க்குறி காட்டும் மூலக்கூறு வகைகள் அவை. குவெர்செடினின் கேட்டகால் பகுதி அதில் வரும். குர்குமினைப் பற்றி 2017-ல் மருந்து வேதியியலர்கள் எழுதிய கடுமையான விமர்சனத்தின் மையம் இதுவேதான், கூடவே அது உடலில் நிலைத்து நிற்பதுமில்லை. வித்தஃபெரின் ஏ-வுக்கு வேறு கணக்கு. அது சிஸ்டீனோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். வைனாவின் சாதாரண ஓட்டம் அதைப் பார்க்காது, எனவே எண் உண்மையைக் குறைத்தே காட்டும்.

அணுக்களின் அசைவை நேரத்தோடு கணிக்கும் மூலக்கூறு இயக்கவியலுக்கு, அதாவது கிரோமாக்ஸ் மென்பொருளுக்கு, லேப்டாப் போதாது. ஜிபியூ கிடைத்தால் மேலே உள்ள இரண்டு சேர்மத்துக்கும் தமாக்சிஃபனுக்கும் 100 நேனோசெகண்ட், ஒவ்வொன்றும் மூன்று முறை. ஒரே முறை ஓட்டி எடுத்த வரைபடத்தை வைத்து முடிவு சொல்வதைவிட ஓட்டாமலே இருக்கலாம்.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. இந்தத் தலைப்பில் வேலை செய்வது தெரிந்தால் "எந்த மூலிகை சாப்பிடலாம் தம்பி" என்று யாராவது கேட்பார்கள். டாக்கிங் எண்ணை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது. 2019-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், தமாக்சிஃபன் எடுக்கும் பெண்களுக்குக் குர்குமின் மாத்திரை கொடுத்தபோது இரத்தத்தில் மருந்தும் அதன் செயல்படும் வடிவமான எண்டாக்சிஃபனும் குறைந்தன. மிளகின் பைப்பரினைச் சேர்த்தபோது இன்னும் குறைந்தது. பேசப்படுவது செறிவூட்டிய மாத்திரை, குழம்பில் போடும் மஞ்சள் அல்ல. எதைச் சாப்பிடுவதானாலும் மருந்து எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

செல்லுக்குப் போகும்போது

மூன்றோ நான்கோ சேர்மம் மிஞ்சினால் செல் சோதனைக்கு அனுப்பலாம். செல் வரிசையைப் புரதத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் டாக்கிங் செய்துவிட்டு எம்டிஏ-எம்பி-231 செல்லில் சோதிப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு. அந்தச் செல்லில் இந்த ஏற்பியே இல்லை. செல் செத்தாலும் உங்கள் கணிப்புக்குச் சம்பந்தம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு எம்சிஎஃப்-7 அல்லது டி47டி, ஹெர்2-க்கு எஸ்கே-பிஆர்-3. 231-ஐ "ஏற்பி இல்லாத ஒப்பீடு" என்று பக்கத்தில் வைக்கலாம், அப்போது அது பயன்படும்.

சேர்மத்தை 98 சதவீதத் தூய்மையில் வாங்குங்கள். குர்குமின் என்று மலிவாக விற்பதில் டிமெத்தாக்சி, பிஸ்டிமெத்தாக்சி வகைகளும் கலந்திருக்கும், நீங்கள் டாக் செய்தது அவற்றையல்ல. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் கரைசல் வைத்துக்கொண்டு, செல் வளரும் தட்டின் கிணற்றில் 100 மைக்ரோமோலார் போட்டால் டிஎம்எஸ்ஓ 1 சதவீதம் ஆகிவிடும், அதுவே செல்லை வதைக்கும். 50 மில்லிமோலாராகக் கரைத்தால் 0.2 சதவீதத்தில் நிற்கும். கரையாவிட்டால் மேல் செறிவைக் குறையுங்கள்.

உயிருள்ள செல்லை ஊதா நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையில் செல் இல்லாத கிணறுகளிலும் சேர்மத்தையும் எம்டிடி-யையும் போட்டு 570 நேனோமீட்டரில் அளந்து கழியுங்கள். குவெர்செடின் போன்றவை செல்லின் உதவி இல்லாமலே எம்டிடி-யை ஊதாவாக்கிவிடும், செத்த செல் உயிரோடிருப்பதாகக் காட்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலைக்கு வளர்ப்பு ஊடகத்தையும் கவனிக்க வேண்டும். வழக்கமான ஊடகத்தில் நிறத்துக்காகச் சேர்க்கும் ஃபீனால் ரெட் தானே லேசாக ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும். கன்றின் சீரத்திலும் ஹார்மோன் இருக்கும். ஃபீனால் ரெட் இல்லாத ஊடகமும் கரியில் வடித்த சீரமும் வேண்டும் என்று செல் ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவை அங்கே எப்போதும் கைவசம் இருக்கும் பொருள்கள் அல்ல.